பாரிஸில் பெரிய மேட்ச் இரவு: பிள்ளைகளோடு வீடு திரும்ப ஒரு வழிகாட்டி

பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது மெட்ரோ வரைபடத்தைத்தான். எத்துவாலில் மாறுவது, கார் து நோரில் இறங்குவது என்று சில வாரங்களில் கால்கள் தாமாகவே போகப் பழகிவிடும். ஆனால் வருடத்தில் சில இரவுகளில் அந்த வரைபடம் செல்லாது. கால்பந்தில் பிரான்ஸ் அணியோ பாரிஸின் கிளப்பான பி.எஸ்.ஜி. அணியோ பெரிய வெற்றி ஒன்றைப் பெற்றுவிட்டால் நகரின் நடுவிலுள்ள நிலையங்கள் பூட்டப்படும், பஸ்கள் பாதை மாறும், டாக்சி ஓட்டுநர் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்பார். தோளில் ஒரு பிள்ளை தூங்க, இன்னொன்று கையைப் பிடித்து இழுக்க, நீங்கள் வீடு போய்ச் சேர வேண்டும்.

2025 மே 31, சனிக்கிழமை. மியூனிக்கில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பி.எஸ்.ஜி. இன்டர் மிலானை 5–0 என்று வென்றது. ஆட்டம் நடந்தது ஜெர்மனியில்; திருவிழா பாரிஸில். பெரும்பாலானோர் செய்தது முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துப் பாடியதுதான். ஆனாலும் அன்றிரவு நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், நூற்றுக்கணக்கான வாகனங்கள் எரிந்தன, இருவர் உயிரிழந்தார்கள். அந்த இருவரில் ஒருவர், பாரிஸின் 15ஆம் வட்டாரத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்த இளைஞர். கிரெனோபிள் நகரில் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்ததில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் காயமடைந்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் புதியவர்கள் தவறிவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். சத்தம் போடும் கூட்டத்தைக் கண்டு மிரள்கிறவர்கள், ஹாரன் அடித்துக்கொண்டு வரும் காரைக் கண்டால் புன்னகைத்துக் கையசைக்கிறார்கள். கூட்டத்தைவிட அந்தக் காரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். இன்னொன்று: எந்த வழியாகப் போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதுதான் முக்கியம். கீழே உள்ளவற்றில் பாதி இந்த இரண்டின் விரிவுதான்.

முதலில், எந்த இரவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கால்பந்தில் ஆர்வமில்லாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்வமுள்ளவர் அன்று டி.வி. முன்னால் இருப்பார். ஊரிலிருந்து வந்த சித்தியையும் சித்தப்பாவையும் ஈஃபில் கோபுரத்தின் விளக்கொளியைக் காட்ட அழைத்துப் போனவருக்குத்தான் அன்று என்ன நாள் என்றே தெரியாது.

உலகக் கோப்பையும் யூரோ கோப்பையும் நடக்கும் கோடையில், பிரான்ஸ் காலிறுதியைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்தையும் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். 1998 ஜூலை 12 அன்றும் 2018 ஜூலை 15 அன்றும் ஷான்ஸ் எலிசே அவென்யூவில் தரையே தெரியாத அளவுக்கு மக்கள் நிறைந்தார்கள். மே மாதக் கடைசியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரும், பி.எஸ்.ஜி. அதில் இருந்தால் அரையிறுதியையும் சேர்த்துக் குறியுங்கள்.

பிரான்ஸ் ஆடவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இது பல நாட்டு மக்கள் வாழும் நகரம். 2019 ஜூலை 19 அன்று கெய்ரோவில் அல்ஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோதும் பாரிஸ் விடிய விடிய ஹாரன் அடித்தது. 2022 டிசம்பரில் மொராக்கோ போர்ச்சுகலை வென்ற இரவும் அப்படித்தான். 2016 ஜூலை 10 அன்று யூரோ இறுதியாட்டத்தில் பிரான்ஸ் சொந்த மண்ணிலேயே 0–1 என்று தோற்றது; வென்ற போர்ச்சுகலுக்கும் இந்த நகரில் ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஆகவே பிரான்ஸ் தோற்றால் வீதி காலியாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஜூன் 21 இசைத் திருவிழா, ஜூலை 14 தேசிய நாளும் அதற்கு முந்தைய இரவும், டூர் து ஃபிரான்ஸ் சைக்கிள் போட்டி பாரிஸில் முடியும் ஞாயிறு ஆகியவையும் வீதிகளை அடைக்கும் நாட்கள்தான். பெரிய ஆட்டம் இவற்றுக்குப் பக்கத்தில் விழுந்தால் இரட்டைச் சுமை. 2018 இறுதியாட்டம் தேசிய நாளுக்கு மறுநாளே வந்தது.

காலண்டர் பார்க்க மறந்துவிட்டீர்களா? கடைகளைப் பாருங்கள். ஷான்ஸ் எலிசேயிலுள்ள கடைகள் பட்டப்பகலில் கண்ணாடிக்கு மேல் மரப்பலகை அடித்துக்கொண்டிருந்தால், அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை அந்தக் கடைக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

எந்த இடங்களைத் தவிர்ப்பது

ஷான்ஸ் எலிசேதான் தலைமையிடம். வெற்றி வளைவு நிற்கும் எத்துவால் முதல் கொன்கோர்த் சதுக்கம் வரை, இருபக்கமும் சில தெருக்கள் உட்பட, அந்த இரவில் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. பி.எஸ்.ஜி. ஆட்டமென்றால் அவர்களின் பார்க் தே பிரின்ஸ் மைதானமும் அதை ஒட்டிய போர்த் து சான் க்ளூ பகுதியும் சேரும். அங்கே கூட்டம் பெரிஃபெரிக் சுற்றுச்சாலைக்குள்ளேயே இறங்கிவிடுவதுண்டு. ரிப்பப்ளிக், பஸ்தீய் சதுக்கங்களிலும் கூடுவார்கள், ஆனால் அந்தப் பக்கத்து மெட்ரோ பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பக்கம் சாமான் வாங்க வந்தவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். ஒரு எல்லை வரை சரி. ஆனால் பக்கத்திலிருக்கும் பார்பெஸ் வட ஆப்பிரிக்க ரசிகர்களின் வீதி. அல்ஜீரியாவோ மொராக்கோவோ வென்றால், அந்தச் சந்திப்பைக் கடந்து போக வேண்டியவர்கள் கடையிலேயே அரை மணி நேரம் கூடுதலாக இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

கடிகாரம்

ஐரோப்பாவில் பெரிய ஆட்டங்கள் வழக்கமாக இரவு 9 மணிக்குத் தொடங்கும். அதை வைத்துக் கணக்குப் போடுவோம். முதல் பாதி ஏறக்குறைய 9:45க்கு முடியும். இடைவேளை பதினைந்து நிமிடம். இரண்டாம் பாதி 10:50 வாக்கில் முடியும். சமநிலை என்றால் கூடுதல் நேரம் 11:30 வரை போகும்; பெனால்டி உதை வந்தால் நள்ளிரவை நெருங்கிவிடும். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை மட்டும் 2026 முதல் மாலை 6 மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் எல்லாவற்றிலும் மூன்று மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். கொண்டாட்டம் தொடங்கும் நேரமும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடும் என்பது இதில் புதிய தலைவலி.

நகரம் காலியாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. இரண்டாம் பாதி தொடங்கியதும் முதல் இருபது நிமிடங்கள். புகைபிடிக்க வெளியே நின்றவர்கள் உள்ளே போயிருப்பார்கள், மதுக்கடை வாசல்களில் முதுகுகள் மட்டும் தெரியும், மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கும். அதாவது 10 மணி முதல் 10:20 வரை. நடுப்பகுதியில் இருக்கும் குடும்பம் இந்த நேரத்தில் ரயிலுக்குள் இருந்தால், ஆட்டம் முடியும்போது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். பிரான்ஸ் 2–0 என்று முன்னணியில் இருந்தால் அந்த இருபது நிமிடத்தையும் நம்ப வேண்டாம், இடைவேளையிலேயே புறப்படுங்கள். வெற்றி உறுதி என்று தெரிந்தால் கடைசி விசிலுக்குக் காத்திராமல் ஹாரன்கள் தொடங்கிவிடும்.

மிக மோசமான நேரம் கடைசி விசிலிலிருந்து அடுத்த ஒரு மணி நேரம். புறநகரிலிருந்து கொண்டாட வருகிறவர்கள் நகருக்குள் நுழைவார்கள், நீங்கள் வெளியே போவீர்கள், ஒரே படிக்கட்டில். மூடிய நிலையம் ஒன்றின் வாசலில் நடப்பதைப் பாருங்கள். இரும்புக் கதவு பாதி இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் ஒட்டிய தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். கீழ்ப்படியில் குழந்தைத் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்தபடி ஓர் அப்பா நிற்கிறார். மேல்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி அம்மா. பின்னால் வந்தவர்களுக்குக் கதவு மூடியிருப்பது தெரியாது, இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். போனில் வீட்டிலிருந்து மாமியார்: “எங்கே நிற்கிறீர்கள்? டி.வி.யில் ஏதோ எரிகிறதே!” அப்பாவுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம் உங்களைப் பிடித்துவிட்டால், புறப்படாதீர்கள். உணவகத்தில் இருந்தால் இன்னொரு தட்டு கேளுங்கள். நண்பர் வீட்டில் இருந்தால் பிள்ளைகளை அங்கேயே படுக்க வையுங்கள். வெள்ளி, சனி இரவுகளிலும் விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலும் மெட்ரோ ஏறக்குறைய 2:15 வரை ஓடும். மற்ற இரவுகளில் 1:15 வரை. நகரைக் கடந்து புறநகருக்கு ஓடும் ஆர்.இ.ஆர். ரயிலும் மற்றப் புறநகர் ரயில்களும் வேறு கணக்கு. சில பாதைகளில் கடைசி வண்டி முன்னதாகவே போய்விடும். ஆகவே எத்தனை மணி வரை காத்திருக்கலாம் என்பதை உங்கள் நிலையத்தின் கடைசி ரயிலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மெட்ரோவில் என்ன நடக்கும்

நிலையங்களை மூடச் சொல்வது காவல்துறைத் தலைமையகம். முதலில் மூடப்படுபவை மெட்ரோவின் 1ஆம் வரிசையில் (லைன்) கிளெமான்சோ, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஜோர்ஜ் சாங்க், சார்ல் து கோல் எத்துவால். பல நேரங்களில் ஆட்டம் தொடங்கும் முன்பே, மாலையிலேயே மூடிவிடுவார்கள். பெரிய இரவுகளில் சுற்றியுள்ள சிறு நிலையங்களும் சேர்ந்துகொள்ளும்.

மூடிய நிலையத்தில் ரயில் நிற்காமல் கடந்து போகும். இதில் ஒரு நன்மையும் உண்டு: நீங்கள் ஏற்கெனவே ரயிலுக்குள் இருந்தால் கூட்டத்துக்குக் கீழேயே போய்விடலாம். ஆபத்து எங்கே என்றால், மாற வேண்டிய நிலையம் மூடியிருக்கும்போது. எத்துவாலில் 1, 2, 6ஆம் வரிசைகளும் ஆர்.இ.ஆர். ஏ-யும் சந்திக்கின்றன. மாறும் வழி திறந்திருக்கும் என்று நம்பிப் போய், அது மூடியிருந்தால், ரயில் உங்களை உங்களுக்குப் பழக்கமில்லாத இடத்தில் இறக்கிவிடும். ஆகவே அன்று எத்துவாலில் மாறும் எந்தத் திட்டமும் வேண்டாம்.

அறிவிப்பில் “ஃபெர்மே” என்று காதில் விழுந்தால் மூடப்பட்டது என்று பொருள்; அதற்கு முன்னால் வரும் நிலையத்தின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். “நு மார்க் பா லாரே” என்றால் நிற்காது. இந்த இரண்டும் போதும், மீதியை மெட்ரோவை ஓட்டும் ஆர்.ஏ.டி.பி. நிறுவனத்தின் செயலியிலோ இல் து ஃபிரான்ஸ் மொபிலிதே செயலியிலோ பார்க்கலாம். பொதுவான வரைபடச் செயலிகள் அவசரமாக மூடப்பட்ட நிலையங்களைத் தாமதமாகத்தான் காட்டும். நிலையத்துக்குள் இறங்கும் முன், தரைக்கு மேலே சிக்னல் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இது நம்மவர்களில் பலருக்கும் பொருந்தும். ஈஃபில் கோபுரத்தடியில் இருக்கிறீர்கள், வீடு வடக்குப் புறநகரான லா கூர்நெவ் பக்கம். வழக்கமான புத்தி த்ரோக்கதேரோவுக்கு நடந்து, 6ஆம் வரிசையில் எத்துவால் போய், அங்கிருந்து 2ஆம் வரிசையில் லாச்சப்பல் வரும் வழியைச் சொல்லும். அன்று அது நேரே கொண்டாட்டத்தின் மடிக்குள் போகும் வழி. அதற்குப் பதில் பிர் ஹக்கேம் நிலையத்தில் அதே 6ஆம் வரிசையை எதிர்த்திசையில், நாஸ்யோன் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். தான்ஃபேர் ரோஷ்ரோவில் இறங்கி ஆர்.இ.ஆர். பி பிடித்தால் அது நேரே கார் து நோர் போய், சில ரயில்கள் லா கூர்நெவ் ஓபர்வில்லியேயிலும் நிற்கும். அல்லது இன்னும் கொஞ்சம் போய் பிளாஸ் திதாலியில் 7ஆம் வரிசைக்கு மாறினால் லா கூர்நெவ் 8 மே 1945 வரை ஒரே ரயில். பொபினிக்காரர்களுக்கு அதே பிளாஸ் திதாலியிலிருந்து 5ஆம் வரிசை, கடைசி நிலையம் வரை. சுற்றுவழிதான், நேரமும் கூடுதலாகும். ஆனால் பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டு வரும்.

விதி எளியது: நகரின் மேற்குப் பாதியிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் தெற்கு வழியாகக் கிழக்கே சுற்றிப் போங்கள்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. மாத நவிகோ அட்டை வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. ஊரிலிருந்து வந்த விருந்தினருக்குத்தான் சிக்கல். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ–ரயில் டிக்கெட் வேறு, பஸ்–டிராம் டிக்கெட் வேறு. ஒன்று மற்றொன்றில் செல்லாது. மெட்ரோ மூடியதால் பஸ்ஸில் ஏறினால் அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். நவிகோ ஈசி அட்டை ஒன்றை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு வகை டிக்கெட்டும் முன்பே ஏற்றி வையுங்கள். நெரிசலில் இயந்திரத்தின் முன் நிற்கும் பத்து நிமிடம் அன்று விலைமதிப்புள்ளது.

வீட்டிலிருந்து புறப்படும்போது

தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போக முடியுமானால் விட்டுவிடுங்கள். பாரிஸ் மெட்ரோ படிக்கட்டுகளின் ராஜ்யம். 14ஆம் வரிசையைத் தவிர மற்றவற்றில் மின்தூக்கியை நம்ப முடியாது. கூட்டத்தில் தள்ளுவண்டி முழங்காலளவு உயரத்தில் இருப்பதால் பின்னால் வருகிறவர் கண்ணுக்கே தெரியாது. கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டும் துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் பிள்ளைக்குக் கயிறு கட்டிய காலணி. செருப்பு வேண்டாம், மிதிபட்டுக் கழன்றுவிடும், உடைந்த போத்தல் எங்கும் கிடக்கும்.

பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், நாட்டுக் குறியீட்டோடு. புறப்படும் முன் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். பிள்ளை காணாமல் போனால் என்ன நிறச் சட்டை என்று கேட்கும்போது பெற்றோருக்கு நினைவு வருவதில்லை, படத்துக்கு வரும். போன் மின்கலத்துக்குத் துணை மின்கலம், ஒரு போத்தல் வெறும் தண்ணீர், பிஸ்கட். சின்னவர்களுக்குக் காதடைப்பு, ஹாரனும் பட்டாசும் சேர்ந்தால் பெரியவருக்கே தலை வலிக்கும்.

எந்த அணியின் சட்டையும் போடாமலிருப்பது நல்லது. பி.எஸ்.ஜி. ஆடும் நாளில் அதன் பரம எதிரியான மார்செய் அணியின் வெள்ளை–நீலச் சட்டையை, அது அழகாக இருக்கிறதென்று பையனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

வதிவிட அட்டை, அது இல்லாதவர்கள் கையிலிருக்கும் தற்காலிகச் சான்று, விருந்தினரானால் கடவுச்சீட்டு: இவற்றை மறக்கக் கூடாது. வெளிநாட்டவர் கேட்கும்போது ஆவணம் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம், இந்த இரவுகளில் கேட்பார்கள்.

தெருவில் நடக்கும்போது

முதலில் வாகனங்கள். 1998 வெற்றி இரவில் ஷான்ஸ் எலிசேயிலேயே பீதியடைந்த ஓட்டுநர் ஒருவரின் கார் கூட்டத்துக்குள் புகுந்து பல பத்துப் பேரைக் காயப்படுத்தியது. 2022 டிசம்பர் 14, பிரான்ஸ்–மொராக்கோ அரையிறுதி முடிந்த இரவில் மோன்பெலியே நகரில் 14 வயதுச் சிறுவன் கார் மோதி இறந்தான். இரண்டிலும் ஓட்டுநரைக் கூட்டம் சூழ்ந்திருந்தது. காரைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கூரையைத் தட்டுவது பலருக்கு விளையாட்டு. உள்ளே இருப்பவருக்குப் பயம் வந்தால் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். ஆகவே சூழப்பட்ட காரைக் கண்டால் அதன் முன்னாலும் பின்னாலும் நிற்காதீர்கள்; கட்டடத்தின் சுவரை ஒட்டி நடந்து கடந்து போங்கள். இரும்புக் குத்துக்கால்கள் நட்ட நடைபாதையாக இருந்தால் இன்னும் நல்லது.

சாலையைக் கடக்கும்போது பச்சை மனிதன் விளக்கு அன்று வெறும் அலங்காரம். ஜன்னலில் உட்கார்ந்து கொடி ஆட்டும் கார்களும் ஒற்றைச் சக்கரத்தில் வரும் மோட்டார் சைக்கிள்களும் சிவப்புக்கு நிற்காது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து கடங்கள்.

கூட்டத்துக்குள் அகப்பட்டுவிட்டால் எதிர்த்து நடக்காதீர்கள். அது போகும் திசையிலேயே போய்க்கொண்டு, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் ஓரமாக விலகி, முதல் குறுக்குத் தெருவில் நழுவிவிடுங்கள். தோள்கள் இருபக்கமும் உரசத் தொடங்கினாலே அது வெளியேறும் நேரம். கை உயர்த்த முடியாத நிலை வரும் வரை காத்திருக்க வேண்டாம். சின்னவரைத் தோளில் ஏற்றாதீர்கள், நீங்கள் தடுக்கினால் அவர் விழும் உயரம் அதிகம், இடுப்பில் வையுங்கள். மெட்ரோ படிக்கட்டின் மேல் விளிம்பில் நின்று யோசிக்கவே கூடாது.

செந்நிறப் புகையோடு எரியும் கைத்தீவட்டிகள் படத்துக்கு அழகு. அவற்றின் தீ உடையையும் தோலையும் நொடியில் தின்றுவிடும். வானவெடியைக் குழாயில் வைத்து நேராக எதிரே சுடும் வழக்கமும் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அருகிலுள்ள கட்டடத்தின் மூலைக்குப் பின்னால் போய்விடுங்கள்.

கண்ணீர்ப்புகை தனியாகச் சொல்ல வேண்டியது. கவசமணிந்த போலீசார் வரிசை கட்டினால் அதற்கு எதிரே இருக்கும் கூட்டத்தில் நீங்கள் இருக்கக் கூடாது; அரை மணி நேரத்துக்குள் புகை வரலாம். வந்துவிட்டால் காற்று வரும் திசையை நோக்கி, திறந்த வெளிக்குப் போங்கள். மெட்ரோவுக்குள் ஓடத்தான் எல்லோருக்கும் தோன்றும். புகை காற்றைவிட கனமானது, படிக்கட்டு வழியாக அதுவும் கூடவே இறங்கும். பிள்ளையின் முகத்தை உங்கள் மார்போடு அணைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். வெறும் தண்ணீரால் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பால், எலுமிச்சை, வெங்காயம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். கண்ணுக்குள் வில்லை போடுகிறவர் உடனே எடுத்துவிடட்டும். வீட்டுக்கு வந்ததும் உடைகளைத் தனியாக ஒரு பையில் போட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தலையணையில் சாய்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சிரைப்பு அடங்காவிட்டால் மருத்துவ அவசர எண் 15ஐ அழையுங்கள்.

போலீஸ் வரிசையைக் கண்டு திரும்பி ஓடாதீர்கள். ஓடுகிறவரைத்தான் துரத்துவார்கள். கைகள் தெரியும்படி, பிள்ளையைக் காட்டி, மெதுவாக நடந்து ஓரத்தில் நிற்கும் ஒருவரிடம் போய் “அவெக் லெஸான்ஃபான்” என்றால், பிள்ளைகளோடு இருக்கிறோம் என்பது புரிந்துவிடும். பெரும்பாலும் வழி விடுவார்கள், அல்லது எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று கையால் காட்டுவார்கள்.

மைதானத்திலிருந்தே திரும்புகிறவர்களுக்கு

சான் தெனியிலுள்ள ஸ்தாத் து ஃபிரான்ஸ் ஏறக்குறைய 80,000 பேர் கொள்ளும். ஆர்.இ.ஆர். பி, ஆர்.இ.ஆர். டி, 13ஆம் வரிசை, 2024 கோடையிலிருந்து சான் தெனி பிளேயெல் வரை வரும் 14ஆம் வரிசை என்று நான்கு வழிகள். எல்லோரும் கண்ணில் படும் முதல் அம்புக்குறியைப் பின்தொடர்வார்கள். நீங்கள் வீட்டிலேயே இரண்டு வழிகளைத் தேர்ந்துகொண்டு போங்கள். 2022 மே 28 அன்று லிவர்பூல்–ரியல் மாட்ரிட் இறுதியாட்டத்தில், ஆர்.இ.ஆர். பி வேலைநிறுத்தத்தால் கூட்டம் ஒரே பக்கம் குவிந்தது. வாசலில் நெரிசல், ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம், பிள்ளைகளோடு வந்தவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை. அன்றைய ரயில் நிலவரத்தைக் காலையில் பார்ப்பது அதனால்தான். திரும்பும்போது பத்து நிமிடம் முன்னதாக எழுந்துவிடுங்கள், அல்லது எல்லோரும் போகும் வரை இருக்கையிலேயே அரை மணி நேரம் இருங்கள்.

கார், டாக்சி, இரவுப் பஸ்

சொந்தக் காரில் நடுப்பகுதிக்குப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமானால் புறநகர் மெட்ரோ நிலையம் ஒன்றின் அருகே நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள். டாக்சியை அழைத்தால் ஷான்ஸ் எலிசேயிலிருந்து குறைந்தது இருபது நிமிடம் நடந்து போன பிறகு அழையுங்கள். உள்ளே நின்று அழைத்தால் விலை ஏறும், வண்டி வராது. நொக்திலியன் என்ற இரவுப் பஸ்கள் நள்ளிரவு 12:30 முதல் காலை 5:30 வரை ஓடும். ஷாத்லே, கார் து லியோன், கார் து லெஸ்த், சான் லசார், மோன்பர்னாஸ் ஆகியவை அவற்றின் மையங்கள். நமக்குக் கார் து லெஸ்த்தான் வசதி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, குடித்துக் களைத்த இளைஞர்கள் நிறைந்த பஸ்ஸில் சின்னப் பிள்ளையோடு ஏறுவதைவிட, உறவினர் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுப்பது மேல் என்பது என் கருத்து.

ஒருவரை ஒருவர் தவறவிட்டால்

சந்திக்கும் இடத்தை ரயில் ஏறும் முன்பே பேசிவைக்க வேண்டும். அது கூட்டத்துக்கு வெளியே, பெயர் சொல்லக்கூடிய இடமாக இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை ரயிலில் ஏறி நீங்கள் நடைமேடையில் நின்றுவிட்டால்: அது அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நீங்கள் அடுத்த ரயிலில் போக வேண்டும். அடுத்த நிலையம் மூடியிருந்தால் ரயில் நிற்கும் முதல் நிலையத்தில். இதைப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். போலீசுக்கு 17, எந்த அவசரத்துக்கும் 112, ரயிலுக்குள் தொல்லை என்றால் 3117. பேச முடியாத நிலையில் 31177க்குக் குறுஞ்செய்தி. காணாமல் போன பிள்ளைகளுக்கு 116 000 என்ற தனி எண் உண்டு, ஆனால் முதல் அழைப்பு 17க்கே போகட்டும்.

பிள்ளைகளுக்குக் காட்டியே ஆக வேண்டுமென்றால்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எம்பாப்பே, டெம்பெலே என்று பேசும்போது உங்கள் பிள்ளையை மட்டும் வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியாது. அதற்கு நகரின் நடுப்பகுதி தேவையில்லை. உங்கள் புறநகரிலேயே நகரசபை பெரிய திரை வைத்தால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துக் காபிக் கடை. நடந்தே திரும்பும் தூரம். ஷான்ஸ் எலிசேயில்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால், வென்ற அணி திரும்பி வரும் பகல் ஊர்வலத்துக்கு அழைத்துப் போங்கள். 2025இல் அது வெற்றிக்கு மறுநாளே, ஜூன் 1 அன்று நடந்தது. அப்போதும் அதே நிலையங்கள் மூடியிருக்கும். ஒரு பக்க ஓரத்தில், குறுக்குத் தெருவின் வாய்க்கு அருகில் நில்லுங்கள். வீரர்களின் பஸ் உங்களைக் கடந்ததும், அது தெருக்கோடி போய்ச் சேரும் முன்பே, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். மீதியை வீட்டுக்குப் போய் டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம்.